அந்தப் பூனையை யாரும் பார்க்க வேண்டியதில்லை

தமிழில் குவாண்டம் இயக்கவியல் என்று யார் பேச ஆரம்பித்தாலும் மூன்றாவது பத்தியில் ஒரு பூனை வந்துவிடும். பெட்டிக்குள் செத்தும் பிழைத்தும் கிடக்கும். நான்காவது பத்தியில் பெட்டியைத் திறந்து ‘பார்ப்பவர்’ ஒருவர் வருவார். அவர் பார்த்ததால்தான் பூனைக்கு ஒரு நிலை கிடைத்தது என்பார்கள். ஐந்தாவது பத்தியில் உலகமே நம் பிரக்ஞையின் தோற்றம் என்றாகிவிடும். ஆறாவது பத்தியில், இதையெல்லாம் நம்மாட்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள்.

இந்தக் கட்டுரை அந்த ஆறு பத்திகளுக்கும் எதிரானது. கூடவே, அவற்றைக் கேட்டுவிட்டு ‘அதெல்லாம் தத்துவம்பா, நீ கணக்கைப் போடு’ என்று நழுவும் இயற்பியல் வகுப்பறைக்கும் எதிரானது. சொல்லப்போனால் இரண்டாவது தரப்பின் மீதுதான் எனக்குக் கோபம் அதிகம். கடையைத் திறந்து வைத்தவர்கள் அவர்கள்தான். முதல் தரப்பு உள்ளே புகுந்து வியாபாரம் பார்க்கிறது, அவ்வளவே.

முதலில் பூனை. ஷ்ரோடிங்கர் 1935இல் அதை எழுதியது நக்கலாக. ‘உங்கள் விளக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் பாருங்கள், ஒரு பூனை பாதி செத்ததாகவும் பாதி உயிரோடும் இருக்க வேண்டியிருக்கிறது, இது அபத்தமில்லையா?’ என்பதுதான் அவர் சொல்ல வந்தது. நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பை மடக்க ஒரு வக்கீல் கேட்ட கேள்வியைத் தீர்ப்பு என்று அச்சடித்து விநியோகிப்பதுபோல, தொண்ணூறு வருடமாக அதை ‘குவாண்டம் சொல்லும் உண்மை’ என்று சுற்றலுக்கு விட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஷ்ரோடிங்கர் வேதாந்தி, அது உண்மை. உபநிடதங்களை ஆழ்ந்து வாசித்தவர். தன் உலகப்பார்வையைப் பற்றிய நூலின் முதல் பகுதியை அவர் எழுதியது 1925இல், அலைச் சமன்பாட்டை வெளியிடுவதற்கு முந்தைய வருடம். அதாவது, சமன்பாட்டைப் போட்டுப் பார்த்து வேதாந்தத்துக்கு வந்தவர் அல்ல. இரண்டும் ஒரே மனிதரின் இரண்டு ஈடுபாடுகள். நான் காலையில் கோட் எழுதுகிறேன், மாலையில் சங்கப் பாடல் வாசிக்கிறேன். இதிலிருந்து ஜாவாவின் வேர் குறுந்தொகையில் இருக்கிறது என்று யாராவது கட்டுரை எழுதினால் எப்படியிருக்கும்?

சரி, விஷயத்துக்கு வருவோம். குவாண்டம் இயக்கவியலில் உண்மையிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. அது பனிமூட்டம் மாதிரியான மர்மம் அல்ல. ஒரு ஸ்பெசிஃபிகேஷன் டாக்குமென்ட்டில் இருக்கும் ஓட்டை மாதிரி, விரலை வைத்துக் காட்டக்கூடிய சிக்கல்.

பாடப்புத்தகம் இரண்டு விதிகளைத் தருகிறது. விதி ஒன்று: ஒரு அமைப்பின் நிலையை அலைச்சார்பு என்ற ஒன்று விவரிக்கிறது, அது ஷ்ரோடிங்கர் சமன்பாட்டின்படி சீராக, தாவல் இல்லாமல், எந்தத் தற்செயலும் இல்லாமல் மாறிக்கொண்டே போகும். விதி இரண்டு: நீங்கள் ‘அளக்கும்போது’ அந்த அலைச்சார்பு சட்டென்று ஒரு விடைக்குச் சரிந்துவிடும், எந்த விடைக்கு என்பது நிகழ்தகவு. மாக்ஸ் போர்ன் 1926இல் கொடுத்த சூத்திரத்தை வைத்து அந்த நிகழ்தகவைக் கணக்கிடலாம். கணக்கு பிசகியதே இல்லை. உங்கள் கையிலிருக்கும் ஃபோனின் சிப் அந்தக் கணக்கின்மேல் ஓடுகிறது.

ஓட்டை எங்கே? எப்போது விதி ஒன்று, எப்போது விதி இரண்டு என்று டாக்குமென்ட்டில் இல்லை. ‘அளக்கும்போது’ என்று மட்டும் இருக்கிறது. அளக்கும் கருவியும் அணுக்களால்தானே ஆனது? அதற்கு மட்டும் விதி ஒன்று ஏன் பொருந்தாது? எத்தனை அணு சேர்ந்தால் ஒரு பொருளுக்குக் ‘கருவி’ என்ற பதவி உயர்வு கிடைக்கும்? என் டீமில் ஒரு ஜூனியர் இப்படி ஒரு டிசைனைக் கொண்டுவந்து, ‘இந்த ஃபங்ஷன் எப்போ கூப்பிடப்படும்?’ என்று நான் கேட்டு, ‘தேவைப்படும்போது சார்’ என்று அவன் சொன்னால், ரிவ்யூ அங்கேயே முடிந்துவிடும். நூறு வருடமாக முடியாத ரிவ்யூ இது. அளவீட்டுச் சிக்கல் என்று இதற்குப் பெயர்.

இந்த ஓட்டையைப் ‘பார்ப்பவர்’ என்ற சொல்லை வைத்து அடைத்ததுதான் பெரிய விபத்து. ஆங்கிலத்தில் உள்ள சொல்லே மோசம்தான்; தமிழுக்கு வரும்போது இன்னும் மோசமாகிறது. ‘பார்வையாளர்’ என்றதும் கண் வந்துவிடுகிறது, கண்ணுக்குப் பின்னால் ஆள் வந்துவிடுகிறார், ஆளுக்குப் பின்னால் ஆன்மா. ஆனால் பரிசோதனைக்கூடத்தில் நடப்பது என்ன?

வியன்னாவில் ஸைலிங்கர், ஆர்ண்ட் குழுவினர் 1999இல் அறுபது கார்பன் அணுக்கள் கொண்ட, கால்பந்து வடிவ ஃபுல்லரீன் மூலக்கூறுகளை மெல்லிய கம்பிச்சட்டம் போன்ற பிளவுகள் வழியாக அனுப்பினார்கள். அலைபோலக் குறுக்கீட்டு வரிகள் விழுந்தன. பிறகு, மூலக்கூறுகள் பறக்கும் வெற்றிடக் குழாய்க்குள் கொஞ்சம் கொஞ்சமாக வாயுவை விட்டார்கள். வாயு மூலக்கூறுகள் மோத மோத வரிகள் மங்கின; அழுத்தம் ஏற ஏற எவ்வளவு மங்கும் என்று கோட்பாடு சொன்னதோ, அவ்வளவு. 2004இல் வெளிவந்த இன்னொரு சோதனையில் எழுபது கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளை லேசரால் சூடாக்கி அனுப்பினார்கள். சூடான பொருள் ஒளியை உமிழும். ஒளித்துகள்கள் வெளியேற வெளியேற, அங்கேயும் வரிகள் அழிந்தன.

இதில் பார்த்தது யார்? ஒருவருமில்லை. வெளியேறிய அந்த ஒளித்துகள்களை யாரும் சேகரிக்கக்கூட இல்லை. அவை சுவரில் மோதித் தொலைந்தன. மூலக்கூறு எந்த வழியாகப் போனது என்ற தகவல் சுற்றுச்சூழலில் எங்கோ பதிந்தது, அது போதும். காற்று போதும். வெப்பம் போதும். ஆராய்ச்சி மாணவர் டீ குடிக்கப் போயிருந்தாலும் வரிகள் மங்கியிருக்கும். இதற்கு டிகோஹியரன்ஸ் என்று பெயர். ஒத்திசைவு கலைதல் என்று சொல்லலாம். இதன் அடிப்படையை டீட்டர் ஸே என்ற ஜெர்மானியர் 1970இலேயே எழுதிவிட்டார். பூனை விஷயமும் இதுதான். பெட்டிக்குள் காற்று இருக்கிறது, பூனையின் உடல் சூடாக இருக்கிறது. நீங்கள் மூடியைத் திறப்பதற்கு யுகங்களுக்கு முன்பே காரியம் முடிந்துவிட்டது.

‘அப்ப விக்னர்?’ என்று கேட்பார்கள். நோபல் வாங்கியவர், பிரக்ஞைதான் அலைச்சார்பைச் சரிக்கிறது என்று 1961இல் எழுதினாரே? எழுதினார். பிற்காலத்தில், ஸேயின் வேலையைப் பார்த்த பிறகு, அவரே அந்தக் கருத்தைக் கைவிட்டார். முதல் பாதியை மேற்கோள் காட்டுபவர்கள் யாரும் இரண்டாம் பாதியைச் சொல்வதில்லை.

ஒன்றைக் கறாராகச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் நானும் அதே வியாபாரத்தில் சேர்ந்தவனாகிவிடுவேன். டிகோஹியரன்ஸ் எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. குறுக்கீட்டு வரிகள் ஏன் மறைகின்றன என்று சொல்கிறது. செத்த பூனை, உயிருள்ள பூனை என்ற இரண்டு கிளைகளும் ஏன் ஒன்றையொன்று தொடுவதில்லை என்று சொல்கிறது. ஆனால் இரண்டில் ஒன்று மட்டும் ஏன் நம் கண்ணுக்குக் கிடைக்கிறது என்பதை அது மட்டும் சொல்லிவிட முடியாது. அங்கேதான் விளக்கங்கள் பிரிகின்றன. அந்தப் பிரிவு நியாயமானது, அதைப் பற்றித்தான் சண்டை போட வேண்டும்.

ஆனால் ஊரில் நடக்கும் சண்டை வேறு. என் சித்தப்பா ஒருவர், சர்க்கரை நோயாளி. அவர் ஊர்க் கல்யாண மண்டபத்தில் இலவச முகாம் போட்டார்கள். கையில் ஒரு உலோகக் குச்சியைப் பிடிக்கச் சொன்னார்களாம். ஒரே நிமிடத்தில் லேப்டாப்பில் கல்லீரல், சிறுநீரகம், எலும்பு, ‘நச்சு அளவு’ என்று பக்கம் பக்கமாக ரிப்போர்ட். கருவியின் பெயரில் குவாண்டம். கூடவே ஒரு மாவு டப்பா. மூன்று மாதம் மாத்திரையைப் பாதியாக்கிக்கொண்டு மாவைக் குடித்தார். கால் விரலில் வந்த புண் ஆறவில்லை என்ற பிறகுதான் வீட்டுக்கே தெரிந்தது. நான் போய்ச் சத்தம் போட்டபோது அவர் நிதானமாகக் கேட்டார்: “டேய், நீ படிச்சவன்தான. குவாண்டம்னா யாருக்குமே புரியாதாம், பெரிய பெரிய சயன்டிஸ்டே சொல்லியிருக்காங்களாம். அப்புறம் இந்த டாக்டருக்கு மட்டும் எப்படிடா புரியும்?”

யோசித்துப் பார்த்தால் அவர் வாதத்தில் தர்க்கப் பிழை குறைவு. அவருக்குக் கொடுக்கப்பட்ட முதல் வாக்கியம்தான் பிழை. ஃபெய்ன்மன் 1964இல் கார்னெல் உரையில் குவாண்டம் இயக்கவியல் யாருக்கும் புரியவில்லை என்ற பொருளில் சொன்னார். மாணவர்கள் அன்றாட அனுபவத்தை வைத்து அதற்குப் படம் வரைய முயன்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காகச் சொன்னது. சொல்லிவிட்டு மீதி உரை முழுக்க அதை அருமையாகப் புரியவைத்தார். அந்த ஒரு வரி மட்டும் பிய்ந்து, மேடைப் பேச்சு, புத்தகம், வாட்ஸப் என்று கைமாறி, கல்யாண மண்டபம் வரைக்கும் வந்து சேர்ந்தது. தீபக் சோப்ரா 1989இல் ‘குவாண்டம் ஹீலிங்’ என்று புத்தகமே போட்டார். 1998இல் அவருக்கு இயற்பியலுக்கான இக் நோபல் என்ற கேலிப் பரிசு கொடுத்தார்கள். கேலி நம் ஊருக்கு வந்து சேரவில்லை. புத்தகம் வந்து சேர்ந்துவிட்டது.

இப்போது இரண்டாவது தரப்பு. ‘வாயை மூடிக் கணக்கைப் போடு’ என்ற புகழ்பெற்ற வாக்கியத்தையும் ஃபெய்ன்மன் தலையில் கட்டுகிறார்கள். எழுதியது டேவிட் மெர்மின், 1989இல், அதுவும் கோபன்ஹேகன் மனநிலையைக் குத்திக்காட்ட. ஆக இங்கேயும் ஒரு நக்கல்தான் வேதவாக்கானது. இந்தத் துறையின் சாபம் இது போலிருக்கிறது.

முதலாண்டு பொறியியலில் எனக்குக் கிடைத்த குவாண்டமும் அதுதான். பெட்டிக்குள் துகள், பதினாறு மதிப்பெண், சமன்பாட்டைக் கொணர்க. அலைச்சார்பு என்பது பொருளா, நம் அறிவின் குறிப்பா என்று கேட்டால், ‘சிலபஸ்ல இல்ல’. சிலபஸில் இல்லாத அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. கேட்டவர்களுக்கு என்ன ஆயிற்று என்ற வரலாறு.

வான் நாய்மன் 1932இல் தன் புத்தகத்தில், குவாண்டம் தற்செயலுக்குப் பின்னால் மறைந்திருக்கும் மாறிகள் எதுவும் இருக்க முடியாது என்று ‘நிரூபித்தார்’. மூன்றே வருடத்தில், 1935இல், கிரேட்டே ஹெர்மன் என்ற பெண் அந்த நிரூபணத்தின் ஒரு அனுமானத்தில் ஓட்டை இருப்பதை எழுதினார். யாரும் சட்டை செய்யவில்லை. 1952இல் டேவிட் போம், ‘முடியாது’ என்று சொல்லப்பட்டதையே செய்து காட்டினார்: துகளுக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு, அலை அதை வழிநடத்துகிறது, விடைகள் அனைத்தும் வழக்கமான கணக்கோடு பொருந்துகின்றன. அதற்குள் அவர் அமெரிக்காவிலேயே இல்லை. கம்யூனிஸ்ட் வேட்டைக்காலத்தில் சாட்சி சொல்ல மறுத்ததால் பிரின்ஸ்டன் வேலை போய், பிரேசிலில் இருந்தார். எவரெட் 1957இல், விதி இரண்டே வேண்டாம், விதி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எல்லாக் கிளைகளும் இருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளலாமே என்றார். இன்று சினிமாக்காரர்கள் மல்டிவெர்ஸ் என்று கொண்டாடும்போது அவர் பெயரும் அடிபடுகிறது. அவரோ கல்வித்துறையை விட்டே போய், பென்டகனில் ஆயுதக் கணக்குப் போட்டு, 51 வயதில் இறந்தார்.

பிறகு ஜான் பெல். பெல்ஃபாஸ்ட்காரர். ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் துகள் இயற்பியலும் முடுக்கி வடிவமைப்பும் அவர் சம்பள வேலை. குவாண்டம் அடிப்படைகள் ஓய்வு நேர வேலை. 1964இல் அமெரிக்காவில் விடுப்பில் இருந்தபோது எழுதிய கட்டுரையை, பிரசுரக் கட்டணம் கேட்காத ஒரு புது இதழுக்குக் கொடுத்தார். சில வருடங்களில் இதழ் நின்றுபோனது. அந்தக் கட்டுரையில் இருப்பதைப் புரிந்துகொள்ள இயற்பியல் பட்டம் தேவையில்லை. பேப்பர், பேனா போதும். தயவுசெய்து அடுத்த இரண்டு பத்தியை மட்டும் தாண்டாமல் வாசியுங்கள்.

நீங்களும் உங்கள் தோழியும் தனித்தனி அறையில் இருக்கிறீர்கள். பேசிக்கொள்ள வழியில்லை. ஒவ்வொரு சுற்றிலும் நடுவர் உங்கள் இருவரிடமும் தனித்தனியாக ‘சிவப்பு’ அல்லது ‘நீலம்’ என்று ஒரு நிறம் சொல்வார், நாணயம் சுண்டிப் பார்த்து. உடனே நீங்கள் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று சொல்ல வேண்டும். இருவருக்கும் நீலம் வந்தால் பதில்கள் வேறுபட வேண்டும். மற்ற மூன்று சமயங்களிலும் பதில்கள் ஒன்றாக இருக்க வேண்டும். முன்கூட்டியே எவ்வளவு வேண்டுமானாலும் திட்டமிடலாம். எப்போதும் இருவரும் ‘ஆம்’ என்றால் நான்கில் மூன்று ஜெயிக்கும், 75 சதவீதம். அதற்கு மேல்? முடியாது. உங்கள் சிவப்புப் பதில் தோழியின் சிவப்புப் பதிலோடும் நீலப் பதிலோடும் ஒத்துப்போக வேண்டும். உங்கள் நீலப் பதில் அவர் சிவப்புப் பதிலோடு ஒத்துப்போக வேண்டும். இந்த மூன்றும் நடந்தால் நான்கு பதில்களும் ஒன்றேதான். அப்போது நீலமும் நீலமும் வேறுபட வழியேயில்லை. பகடை உருட்டி முடிவெடுத்தாலும், ஒரே ரேண்டம் ஸீடை இருவரும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனாலும், கதை இதுதான். நானும் புரோகிராம் எழுதிப் பார்த்தேன். 75ஐத் தாண்டாது.

பின்னிப்பிணைந்த இரண்டு துகள்களை ஆளுக்கொன்றாக எடுத்துப்போய், நிறத்துக்கேற்ற கோணத்தில் அளந்து பதில் சொன்னால், சுமார் 85.4 சதவீதம் வரை ஜெயிக்கலாம் என்கிறது குவாண்டம் கணக்கு. 2015இல் நெதர்லாந்தின் டெல்ஃப்டில் 1.3 கிலோமீட்டர் இடைவெளியில், ஒளி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்ச் சேருவதற்குள் விடை பதிவாகும்படி வைத்து, 245 சுற்று ஆடினார்கள். சுமார் 80 சதவீதம் ஜெயித்தார்கள். நான் அப்போதுதான் முதல் வேலையில் பழகிக்கொண்டிருந்தேன். அந்த எண்ணைப் படித்துவிட்டு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

பாருங்கள், புதிர் என்றால் இது. ‘எல்லாம் ஒன்றோடொன்று தொடர்புடையது’ என்ற மொண்ணை வாக்கியம் அல்ல. 75க்கும் 85.4க்கும் நடுவில் இருக்கும் இடைவெளி. மூன்று அனுமானங்களில் ஒன்றையாவது விட்டாக வேண்டும்: இங்கே செய்வது அங்கே உடனே பாதிக்காது என்பது, அளந்தால் ஒரே ஒரு விடைதான் உண்டு என்பது, எதை அளப்பது என்ற தேர்வு துகளோடு முன்கூட்டியே கூட்டுச்சதியில் இல்லை என்பது. போம் முதலாவதை விடுகிறார். எவரெட் இரண்டாவதை விடுகிறார். இதை வைத்து டெலிபதிக்குக் கிளம்புகிறவர்களுக்கு: ஒரு பக்கத்தில் மட்டும் உட்கார்ந்திருந்தால் வெறும் நாணயம் சுண்டல்தான் தெரியும். இரண்டு பட்டியலையும் பிறகு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் ஒற்றுமை தெரியும். ஒரு ‘ஹலோ’கூட அனுப்ப முடியாது.

பெல்லின் கட்டுரையைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று கிளம்பிய ஜான் கிளாஸர், ஃப்ரீட்மனோடு சேர்ந்து 1972இல் செய்து முடித்தார். நோபல் வந்தது 2022இல், ஆஸ்பே, ஸைலிங்கர் இருவரோடும் பகிர்ந்து. ஐம்பது வருடம். பெல் 1990இலேயே இறந்துவிட்டார். இடைப்பட்ட காலத்தில் ‘வெறும் தத்துவம்’ என்று தள்ளப்பட்ட அந்தச் சமனின்மையை வைத்து 1991இல் ஆர்தர் எகெர்ட் ரகசியச் சாவி பகிரும் முறையைக் கண்டுபிடித்தார். குவாண்டம் கணினி என்ற யோசனையை 1985இல் முன்வைத்த டேவிட் டாய்ச், எவரெட்டின் கிளைகளை நிஜம் என்று நம்பித்தான் அங்கே போனார். இந்திய அரசு 2023இல் தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு 6,003.65 கோடி ஒதுக்கியது. சிலபஸில் இல்லாத கேள்வியின் விலை அது.

செர்ன் வளாகத்தில் ஒரு நடராஜர் சிலை இருக்கிறது. 2004இல் இந்திய அரசு கொடுத்தது, இரண்டு மீட்டர் உயரம். அதன் படம் மாதம் ஒருமுறை ஏதாவதொரு குடும்பக் குழுவில் எனக்கு வந்துவிடும், ‘விஞ்ஞானமே தலை வணங்குகிறது’ என்று. அழகான சிலை, சோழர்கால வார்ப்பு மரபின் உச்சம் அந்த வடிவம், அதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் அதே வளாகத்தில் முப்பது வருடம் நடந்து திரிந்த பெல்லின் பெயர் ஒரு ஃபார்வேர்டிலும் வந்ததில்லை. சிலையோடு எடுக்கும் செல்ஃபிக்கு எதையும் புரிந்துகொள்ளத் தேவையில்லை; பெல்லுக்கு அரைமணி நேரம் பேனா பிடிக்க வேண்டும்.

இலக்கியவாதிகளையும் விட்டுவைக்க எனக்கு மனமில்லை. ஒரு நாவலில் காலம் முன்பின்னாக வந்தால் ‘குவாண்டம் கதைசொல்லல்’. கவிதையில் இரண்டு பொருள் இருந்தால் ‘குவாண்டம் தன்மை’. இரண்டு பொருளுக்குச் சிலேடை என்று காளமேகம் காலத்திலிருந்தே பெயர் இருக்கிறதே ஐயா. மேற்பொருந்துதல் என்பது ‘இதுவும் அதுவும்’ என்ற மயக்கம் அல்ல. இரண்டு வழிகள் ஒன்றையொன்று அழிக்கவும் கூட்டவும் முடியும் என்பது அதன் சாரம். இரண்டு பிளவும் திறந்திருக்கும்போது, ஒன்று மட்டும் திறந்திருந்தால் ஒளி விழுந்திருக்கக்கூடிய இடத்தில் இருட்டு விழுகிறது. இதை உருவகமாக்கத் தெரிந்த ஒரு கவிஞர் வந்தால் நான் முதல் ஆளாகப் புத்தகம் வாங்குவேன்.

எந்த விளக்கம் சரி என்று என்னைக் கேட்டால், கோபன்ஹேகனைத் தவிர எதுவும் எனக்குச் சம்மதம் என்பேன். அது தவறு என்பதால் அல்ல, என்ன சொல்கிறது என்றே சொல்லாததால். போம் தெளிவானவர்; ஆனால் சார்பியலோடு அவர் கோட்பாட்டைச் சேர்த்து வைப்பது பெரும்பாடு. எவரெட் சிக்கனமானவர், ஆனால் எல்லாக் கிளையும் நடக்கிறது என்றால் நிகழ்தகவு என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதில் தடுமாற்றம். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: கிரார்டி, ரிமினி, வெபர் மூவரும் 1986இல் முன்வைத்தது. அலைச்சார்பு தானாகவே எப்போதாவது சரியும், துகள்கள் கூடினால் சீக்கிரம் சரியும் என்று சமன்பாட்டையே திருத்தினார்கள். இதைச் சோதிக்கலாம். இதே வகையைச் சேர்ந்த, ஈர்ப்புதான் சரிவுக்குக் காரணம் என்ற கருத்தின் எளிய வடிவத்தை, இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்கு அடியில் இருக்கும் ஆய்வகத்தில், சரிவின்போது வெளிவர வேண்டிய மெல்லிய கதிர்வீச்சைத் தேடிப் பார்த்து 2020இல் நிராகரித்தார்கள். இன்னொரு பக்கம் வியன்னாவில் மூலக்கூறின் எடையை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். 2019இல் 25,000 அணு நிறை அலகைத் தாண்டிய, ஏறக்குறைய 2,000 அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளுக்கும் வரிகள் விழுந்தன. ஏதோவொரு எடையில் காற்றையும் வெப்பத்தையும் முழுக்க விலக்கிய பிறகும் வரிகள் விழாமல் போனால், விதி இரண்டு எங்கே தொடங்குகிறது என்பதற்கு முதல்முறையாக ஒரு எண் கிடைக்கும். விழுந்துகொண்டே போனால் எவரெட்டின் கை ஓங்கும். இதுவரை விழுந்துகொண்டிருக்கின்றன.